மார்ச் மாதத்து நாய்

மார்ச் மாதத்து நாய் இரண்டாவது முறையும் உடைந்து கிடந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாண்டியன் ஆராயியின் வீட்டுக்கு வந்தான். கையில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை. அதை மேசைமேல் வைத்துப் பிரித்தபோது வெள்ளைக் களிமண் துண்டுகள் சரிந்தன. ஒரு நீண்ட கழுத்து. மூட்டில் லேசான புடைப்புடன் ஒரு பின்னங்கால். நுனி கொக்கிபோல் வளைந்த ஒரு வால்.

ஆராயி எதையும் தொடவில்லை. காவல்துறையின் கைரேகைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் தனியாகக் குடியிருந்தார். அவரைத் தேடி யாராவது வந்தால் கொளஞ்சிக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். கொளஞ்சி ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். அன்றும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்னா நாயிங்க? எலும்பும் தோலுமா இருக்குது," என்றாள்.

"கிரேஹவுண்டுங்க. ரேஸ் நாய். எல்லாம் அயர்லாந்துல நான் சோறு வச்ச நாயிங்க."

பாண்டியன் பீங்கான் வேலை படித்தவன். மனைவி பிரபாவுக்கு அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தபோது அவனும் கூடப் போனான். அங்கே டப்ளினில் ஓட்டல் சமையலறையில் இருந்த சொந்த ஊர்க்காரர் ராஜ்மோகன்தான், தெரிந்தவர் மூலம் ஒரு நாய்ப் பட்டியில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு வருடம். விடியற்காலையில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அதை உடைத்து ஊற்றிவிட்டு நாற்பது நாய்களுக்கும் கால் பிடித்துவிட வேண்டும். அந்தப் பட்டியின் நாய்கள் அயர்லாந்திலும் ஓடின, கப்பலேறிப் போய் இங்கிலாந்திலும் ஓடின. வருட முடிவில் பாண்டியனும் பிரபாவும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

"ஜெயிச்சா நல்ல கறி. தொடர்ந்து தோத்தா ஒருநாள் காலையில கூண்டு காலியா இருக்கும். எங்கன்னு கேக்கக் கூடாது," என்றான். "அதனாலதான் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வச்சேன். ஊருக்கு வந்தப்புறம் சும்மா ஒரு பொம்மை செஞ்சு நெட்ல போட்டேன். இங்கிலாந்துல ஒரு நாய் ரேஸ் சங்கத்துக்காரங்க பாத்துட்டு பன்னெண்டு கேட்டாங்க. அந்த வருஷத்துல மாசத்துக்கு ஒரு ரேஸ், அதுல ஜெயிச்ச எங்க பட்டி நாய் ஒண்ணு. அவங்க வருஷ விருந்துல வரிசையா வைக்கப் போறாங்க."

"எல்லாமே வெள்ளையா இருக்குதே?"

"ஓடறப்ப நாய்க்கு நம்பர் போட்ட சட்டை மாட்டுவாங்க. அந்தச் சட்டைக்கு இன்னும் கலர் அடிக்கல. ஒரு ரேஸுல ஆறு நாய் ஓடும். ஒண்ணாம் நம்பருக்கு சிவப்புச் சட்டை, ரெண்டு நீலம், மூணு வெள்ளை, நாலு கருப்பு, அஞ்சு ஆரஞ்சு, ஆறு கருப்பு வெள்ளைக் கோடு. எது எந்த நம்பர்ல ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாது. ரேஸ் நடக்கிற எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல. சங்கத்துலேர்ந்து பட்டியல் அனுப்புறேன்னாங்க. இன்னும் வரல."

ஆராயி துண்டுகளைக் காட்டினார். "இது எப்படி உடைஞ்சுது?"

செராமிக் தொழிற்பேட்டையில் கலியமூர்த்தியின் கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்து அவன் வேலை செய்துகொண்டிருந்தான். மாத வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்து, ஒருமுறை சுட்டுத் தட்டில் அடுக்கினான். செப்டம்பர் நாய் வரை ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அக்டோபர் நாயைச் சுட்டெடுத்து வைத்தான். மறுநாள் காலையில் மார்ச் நாய் மட்டும் தரையில் நொறுங்கிக் கிடந்தது. பூனை என்று நினைத்தான். மறுபடி அச்சில் ஊற்றி, சுட்டு, நேற்று தட்டில் வைத்தான். இன்று காலையில் அதுவும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பதினொன்றும் அசையவில்லை.

"அந்த மார்ச் நாயைப் பத்திச் சொல்லுங்க, தம்பி."

"செம்பழுப்பு நெறம். சிட்டுன்னு கூப்பிடுவேன். மே மாசம் வித்துட்டதா சொன்னாங்க."

"அக்டோபர் நாய்?"

"அது நல்ல கருப்பு. செப்டம்பர்ல வேற பட்டியிலேர்ந்து வந்துச்சு. இந்த ஜாதி நாய் புது ஆளுகிட்ட லேசுல ஒட்டாது. இது வந்த அன்னிக்கே என் முழங்கால்ல தாடைய வச்சுக்கிச்சு. ரேஸ் நாய்க்குக் காதுக்குள்ள பச்சை குத்தி நம்பர் போட்டிருப்பாங்க. இதுக்கு அந்த எடத்துல புண்ணா இருந்துச்சு. மருந்து போட்டேன். ரெண்டே வாரத்துல இங்கிலாந்துக்கு வண்டி ஏத்திட்டாங்க."

கொளஞ்சி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஆராயியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொட்டகைக்கு யார் யார் வருவாங்க?"

"கலியமூர்த்தி அண்ணன், சூளை அவரோடது. கோகுலகிருஷ்ணன் சார், ஏற்றுமதி பண்றவர். அப்புறம் ராஜ்மோகன் அண்ணன் லீவுல வந்திருக்கார், அடிக்கடி வந்து பேசிட்டிருப்பார். வேற யாரும் இல்லிங்க." சற்றுத் தயங்கினான். "மூணாவது ஒண்ணு இருக்குது. பயந்துக்கிட்டு இந்தத் தடவை ரெண்டா ஊத்தி, ஒண்ணை வூட்ல கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். நாளைக்குக் காலையில சூளைக்குப் போவுது. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் பெட்டியில போடணும்."

"அது யாருக்குத் தெரியும்?"

"இன்னிக்கு மூணு பேர்கிட்டயும் சொன்னேன்."

வெளியே சேலம் பக்கம் போகும் வண்டிக்கு அறிவிப்பு கேட்டது.

"நாளைக்குக் காலையில எனக்குக் கடலூர் கருவூலத்துல ஒரு வேலை இருக்குது. மத்தியானம் வந்துடறேன். அதுவரைக்கும் தனியா இருக்காதீங்க."

"சூளை எரியறப்ப எங்கயும் போக முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு அவன் துண்டை மடித்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குக் கொளஞ்சியின் வண்டி தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. வெயிலில் தெரு காலியாக இருந்தது. கலியமூர்த்தியின் கொட்டகைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மூன்று ஜன்னல்களும் மூடியிருந்தன.

"சூளை எரியுது, ஜன்னலைச் சாத்தி வச்சிருக்காரே," என்று கொளஞ்சி சொல்லி முடிப்பதற்குள் ஆராயி ஓடத் தொடங்கியிருந்தார்.

உள்ளே காற்று கனமாக, தலையைச் சுற்ற வைப்பதாக இருந்தது. சூளையின் இடுக்குகளில் மஞ்சள் தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் விரித்த சாக்கில் பாண்டியன் படுத்திருந்தான். முகம் செக்கச் சிவந்திருந்தது, நல்ல தூக்கத்தில் இருப்பவனைப்போல. இருவரும் அவன் அக்குளில் கை கொடுத்து வெயிலுக்கு இழுத்து வந்து போட்டார்கள். கொளஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய் கேஸை மூடினாள். திரும்பி வந்து வாசலில் வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கலியமூர்த்தி பட்டு வேட்டியோடு வந்து சேர்ந்தார். வேப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தவர். புகைபோக்கியின் இரும்புத் தகடு முழுக்க உள்ளே தள்ளியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பதினோரு மணிக்கு நான் கெளம்பறப்ப இது பாதி தெறந்துதான் இருந்துச்சு. இத்த மூடினா புகை போவ வழி ஏது? கொட்டாயிக்குள்ளதான் எறங்கும். வாசனையே தெரியாது, ஆள அப்படியே அமுக்கிடும். அவனுக்கு இது தெரியாததா?"

இன்ஸ்பெக்டர் திருமால் மாலையில் வந்தார். ஆராயியை மதிக்கிறவர்தான். ஆனால் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலையில நாலு மணிக்கு எழுந்த ஆளு. தூக்கக் கலக்கத்துல தகட்டைத் தப்பா தள்ளியிருப்பாரு. சுடாத பச்சைப் பொம்மை காத்துல விரிசல் விடும்னு ஜன்னலைச் சாத்தியிருப்பாரு," என்றார்.

"அவரோட போன் எங்க?" என்று கேட்டார் ஆராயி.

பாண்டியன் சட்டைப் பையிலும் இல்லை, சாக்கின் பக்கத்திலும் இல்லை. கொளஞ்சி அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தாள், அணைந்திருந்தது. அரைமணி நேரத் தேடலுக்குப் பிறகு அது கிடைத்தது. கொட்டகையின் மறுகோடியில், மூடி போட்ட வாளியில், களிமண் கரைசலுக்கு அடியில் கிடந்தது.

"மயக்கம் போட்ட ஆளு எழுந்து வந்து, வாளி மூடியைத் தெறந்து, போனை உள்ள போட்டு, மறுபடி மூடிட்டுப் போய்ப் படுக்க மாட்டாரு," என்றார் ஆராயி. திருமால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் சூளை ஆறியதும் திருமால் முன்னிலையில் திறந்தார்கள். மூன்றாவது மார்ச் நாய் முழுசாக இருந்தது, விலாவில் மட்டும் புகைக்கறை. ஆராயி அதை எடுத்து வந்து தட்டில் அக்டோபர் நாய்க்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். கொளஞ்சியும் பார்த்தாள். ஒன்று தலையை உயர்த்தி நின்றது, மற்றது குனிந்து மோப்பம் பிடித்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இதுக்கும் வாலு கொக்கியாத்தான் இருக்குது."

"ம்."

மருத்துவமனை நடைவழியில் பிரபா உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். பாண்டியனுக்கு நினைவு திரும்பவில்லை. ஆராயி கேட்டபோது அவள் கைப்பேசியை நீட்டினாள். அன்று விடிகாலையில்தான் சங்கத்திடமிருந்து அந்தச் சட்டைப் பட்டியல் வந்திருந்தது. கணவனுடைய கடிதங்களுக்கெல்லாம் அவள்தான் பதில் எழுதுகிறவள். அக்டோபர் என்ற வரிக்கு எதிரே ஆறு என்று இருந்தது.

"இதை யாருக்காவது காட்டினியாம்மா?"

"யாருக்குக் காட்ட? இப்பத்தான் நானே பாக்கறேன்."

"காட்டாத. அயர்லாந்துல உன்கூட வேலை செஞ்ச பொண்ணுங்க யாராச்சும் இருந்தா ஒரு விஷயம் விசாரிக்கணும்," என்று ஆராயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாண்டியன் எடுத்த போட்டோ எல்லாம் அந்தப் போன்ல மட்டுந்தானா?"

"என் லேப்டாப்லயும் இருக்குது. அது யாருக்கும் தெரியாது."

அன்று மாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். கலியமூர்த்தி சூளைமேடையில் உட்கார்ந்தார். கோகுலகிருஷ்ணன் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. ராஜ்மோகன் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வயது, சுத்தமாகச் சவரம் செய்த முகம், யாரைப் பார்த்தாலும் முதலில் அவராகவே வணக்கம் சொல்கிற ஆள். மருத்துவமனைக்கு இரண்டு நாளும் பிரபாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். வாசலில் திருமால்.

தட்டில் பதினோரு நாய்கள் இருந்தன.

"அக்டோபர் மாசத்து நாயைக் காணோம்," என்றார் ஆராயி. "ஒவ்வொருத்தரும் அதைக் கடைசியா எப்பப் பாத்தீங்கன்னு சொல்லுங்க."

கலியமூர்த்தி கையை விரித்தார். "எனக்கு மாசக்கணக்கு என்னாம்மா தெரியும்? சூளையில ரெண்டாவது அடுக்குல மூலையில வச்சேனே, தலைய தொங்கப் போட்டுக்கிட்டு, அதுவா? நேத்து காலையில இருந்துச்சு."

"பத்தாம் நம்பர்," என்றார் கோகுலகிருஷ்ணன். "அதுக்கு அளவெடுத்து அட்டைப்பெட்டி கூட செஞ்சாச்சு. சனிக்கிழமை பாத்ததுதான்."

"அந்தக் கோடு போட்ட சட்டை நாய்தானுங்களே?" என்றார் ராஜ்மோகன். "திங்கக்கிழமை வந்தப்ப மேல்தட்டுல இருந்துச்சுங்க. பாவம், அவன் உசுரா நெனச்சு செஞ்சது."

கொளஞ்சி மூன்றையும் எழுதிக்கொண்டாள். ஆராயி நாற்காலிக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்து, அதிலிருந்து அக்டோபர் நாயை எடுத்து மேசைமேல் வைத்தார். உடம்பெல்லாம் வெள்ளை.

"இதுல கோடு எங்க இருக்குது, ராஜ்மோகன்?"

அவர் சிரிக்க முயன்றார். "பாண்டியன் சொல்லியிருப்பான்."

"பாண்டியனுக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை என்கிட்ட அவரே சொன்னாரு. அது ஆறாம் நம்பர், கோடு போட்ட சட்டைன்னு பட்டியல் இன்னிக்கு விடிகாலையிலதான் பிரபா போனுக்கு வந்துச்சு. அவளும் நானும் மட்டும் பாத்தோம்."

"ரேஸ் முடிவெல்லாம் நெட்லயே இருக்குங்க. பாத்தேன்."

"சரி. ஜூன் மாசத்து நாய்க்கு என்னா சட்டை?"

ராஜ்மோகன் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜனவரி? ஆகஸ்ட்?" ஆராயியின் குரல் உயரவில்லை. "பன்னெண்டுல ஒண்ணை மட்டும் ஏன் தேடிப் பாத்தீங்க? நீங்க தேடல. அந்தச் சட்டையை அது போட்டிருந்தப்ப நீங்க நேர்ல பாத்திருக்கீங்க."

ஆராயி மார்ச் நாயைத் தட்டிலிருந்து எடுத்து அக்டோபர் நாயின் பக்கத்தில் வைத்தார்.

"மார்ச் நாய் எப்ப எப்ப உடைஞ்சுதுன்னு முதல்ல யோசிச்சேன். செப்டம்பர் வரைக்கும் ஒம்போது நாய் வரிசையா நின்னப்ப யாரும் அதைத் தொடல. அக்டோபர் நாய் வந்து நின்ன மறுநாள் உடைஞ்சுது. திரும்பச் செஞ்சு பக்கத்துல வச்ச மறுநாளும் உடைஞ்சுது. அப்ப உடைச்சவருக்கு மார்ச் நாய்மேல கோபம் இல்ல. இந்த ரெண்டும் ஒண்ணா நிக்கக் கூடாது, அவ்வளவுதான். ரெண்டையும் உடைச்சா எல்லாரும் ரெண்டையும் சேத்து யோசிப்பாங்கன்னு ஒண்ணை மட்டும் உடைச்சாரு."

திருமால் கிட்டே வந்து குனிந்தார்.

"வாலைப் பாருங்க. வலது பின்னங்கால் மூட்டுல இருக்கிற புடைப்பைப் பாருங்க. இடது காதுல பொடிசா ஒரு வெட்டு, ரெண்டுலயும் ஒரே எடத்துல. பாண்டியன் போட்டோவைப் பாத்து எலும்பு எலும்பா செய்யற ஆளு. ஒவ்வொரு நாயையும் வேற வேற நாள்ல தனித்தனியா செஞ்சாரு. ஒண்ணு செம்பழுப்பு, ஒண்ணு கருப்புன்னு அவர் மனசுல பதிஞ்சு போச்சு. அதனால அவருக்குத் தெரியல. நெறம் இல்லாம பாத்தா இது ரெண்டு நாய் இல்ல. ஒரே நாய்."

"அந்தக் காதுப் புண்ணு," என்றாள் கொளஞ்சி. பேனா அவள் கையில் அப்படியே நின்றது.

"நம்பரை மாத்தியிருக்காங்க. உடம்புக்குச் சாயம் பூசியிருக்காங்க. வேகமா ஓடற நாயை, தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு கருப்பு நாயோட பேர்ல இங்கிலாந்துல எறக்கிட்டாங்க. அது ஜெயிக்கும்னு யாரும் நெனக்க மாட்டாங்க, அதனால அதுமேல பணம் கட்டினவங்களுக்குப் பல மடங்கு கெடைக்கும். மத்த சோதனையெல்லாம் எப்படித் தாண்டினாங்கன்னு எனக்குத் தெரியாது, அதை அந்த ஊர்ப் போலீஸ் பாத்துக்கட்டும். ஆனா நாய்க்குப் பேர் மாறினது தெரியாதே. சோறு வச்ச ஆளைப் பாத்ததும் போய் முழங்கால்ல தாடையை வச்சுது."

கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இதை அந்த விருந்துல வச்சிருந்தா?"

"நாய் பாத்தே காலம் தள்ளினவங்க நூறு பேர் பாத்திருப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க." ஆராயி திரும்பினார். "உங்களுக்கு அங்க ஓட்டல் வேலை போய் ரெண்டு வருஷம் ஆச்சாமே, ராஜ்மோகன். பிரபாவோட சிநேகிதிகிட்ட விசாரிச்சோம். அந்தப் பட்டி நாய்களை வண்டியில ஏத்திக் கப்பலுக்குக் கொண்டுபோறது நீங்கதானாம். பாண்டியன் தூங்கற நேரத்துல வந்து போவீங்களாம். அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

ராஜ்மோகன் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே பணிவான குரலில் பேசினார்.

"சூளை வச்சா மத்தியானம் ஒரு மணிக்குச் சாக்குல படுத்துடுவான். நான் ஒண்ணும் அடிக்கலிங்க. தகட்டைத் தள்ளினேன், ஜன்னலைச் சாத்தினேன், போனை எடுத்து வாளியில போட்டேன். அவன் பொரண்டு கூடப் படுக்கல. நாயைச் செய்ய வேணாம்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். காசு வராது, வுட்டுடுடான்னு. கேக்கல. உடைச்சாலும் திரும்பத் திரும்பச் செஞ்சான். வெளிய தெரிஞ்சா அங்க ஜெயிலு. ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே பட்டிக்காரங்க என்னை உசுரோட வுட மாட்டாங்க. அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா."

"அந்த நிஜமான கருப்பு நாய் என்னா ஆச்சு?" என்று கேட்டார் கலியமூர்த்தி. யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

"பேரு வேணும், நாய் வேணாம். செப்டம்பர்லயே முடிச்சுட்டாங்க. நான்தான் குழி வெட்டினேன்."

"சிட்டு?" என்றாள் கொளஞ்சி.

"ரெண்டு ரேஸ் ஜெயிச்சுது. மூணாவது தடவை ஓட வுட்டா சந்தேகம் வரும்னாங்க."

திருமால் அவர் முழங்கையைப் பிடித்தார். ஜீப் தொழிற்பேட்டைத் தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்வரை கலியமூர்த்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பாண்டியனுக்கு நினைவு வந்தது. ஆராயியும் கொளஞ்சியும் போனபோது பிரபா அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை அவன் தானே வாங்கிக்கொள்ளப் பார்த்தான். விரல்கள் நடுங்கின, பிடிபடவில்லை. பிரபா அவன் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, டம்ளரை அவன் உதட்டுக்குக் கொண்டுபோனாள். நடுக்கம் போகுமா போகாதா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படங்களையெல்லாம் அயர்லாந்து, இங்கிலாந்து போலீசுக்கு அனுப்பிவிட்டதாகவும், இன்னும் யாரும் பதில் போடவில்லை என்றும் பிரபா சொன்னாள்.

ஆராயி கட்டிலருகே நின்றார்.

"தம்பி, நீங்க வந்து சொன்ன அன்னிக்கே நான் கெளம்பி வந்திருக்கணும்."

பாண்டியன் அவரைப் பார்த்தான். பேச்சு குழறியது. "சூளை வேக்காடு சரியா வந்துச்சா?" என்று கேட்டான்.

"வந்துச்சு."

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் கொளஞ்சி நோட்டைப் பிரித்தாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். பழைய கைரேகை இன்ஸ்பெக்டர் இரண்டே நாளில் எப்படிக் குற்றவாளியைப் பிடித்தார் என்று தொடங்கி, ஒரு சொல்லில் அவர் எப்படி உண்மையைக் கண்டார் என்பதுவரை உற்சாகமாகப் படித்துக் காட்டினாள். ஆராயி கடைசிவரை கேட்டார்.

"நல்லா இருக்குது," என்றார். "ஒண்ணு விட்டுட்ட. ஆபத்துன்னு செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும்னு எழுது. தெரிஞ்சும் புதன்கிழமை காலையில நான் கடலூர் கருவூலத்துல வரிசையில நின்னேன்னு எழுது."

"அக்கா, அதை எதுக்கு..."

"எழுது, கொளஞ்சி."

கொளஞ்சி பேனாவைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.